தேயிலைக்கொட்டைச் சிப்பாய்

நம் வகுப்பு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதமாக என் போனை ஓயவிடாமல் அடிக்கிறீர்கள். மற்றவர்களையெல்லாம் இஷ்டம் போல எழுதச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் தலைப்பையும் கையில் திணித்திருக்கிறீர்கள். செஸ் போட்டிகளில் நான் முதலில் எடுத்து வைத்த அந்தக் கோணல் காய் எனக்கு எப்படித் தோன்றியது என்று சொல்ல வேண்டுமாம். உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சீனி வருத்தம். வீட்டுச் சாவியை எங்கே வைத்தோம் என்றே தெரியாத வயதில் இதை மட்டும் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

சொல்கிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. படித்துவிட்டு மலரில் போடுவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த முதல் காய் என்னுடையது இல்லை, என் அக்காவுடையது. ஆறாம் வகுப்பில் வந்து உங்கள் நடுவில் நான் உட்கார்ந்தேனே, ஜன்னலோர வாங்கு, அந்த இடமும் அவளுக்கு வர வேண்டியதுதான். அது எனக்கு எப்படி வந்தது என்பதைப் போன மாதம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உங்களில் பதுளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, இறங்கி, ஒரு மணித்தியாலம் மேலே நடந்தால் எங்கள் தோட்டம். வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தில் கடைசிக் காம்பரா எங்களுடையது. அப்பா மலையில் தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டினார். அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான். ஒரு மாரியில் நெஞ்சில் சளி கட்டி, பதுளை ஆஸ்பத்திரியில் ஒன்றரை மாதம் கிடந்து வந்தாள். அதற்குப் பிறகு அவளை மலைக்கு அனுப்பாமல், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாகப் போட்டவர் தோட்டத்து ஆபீசில் இருந்த பெரிய கிளாக்கரய்யா. அந்த உதவிக்கு எங்கள் வீட்டில் இருந்த நன்றி பாதிக்கு மேல் பயம்தான். கொடுத்தவர் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

சதுரங்கக் காய்கள் எங்களுக்கு வந்ததும் அந்தப் பிள்ளைக் காம்பராவிலிருந்துதான். தோட்டத்தை நடத்திய துரை மாற்றலாகிப் போகும்போது பங்களாவில் மிஞ்சிய விளையாட்டுச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்ணில்லாத பொம்மை, சக்கரமில்லாத கார், அவற்றோடு இந்தக் காய்கள். குழந்தைகள் கடித்துத் துப்பியதில் வெள்ளை ராஜாவின் தலையில் சிலுவை இல்லை. விழுங்கிவிடுமோ என்று பயந்து அம்மா அவற்றை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எண்ணிப் பார்த்தபோது இரண்டு குறைந்தது. கறுப்புக் குதிரைக்குப் பதில் தையல் நூல் சுற்றும் மரக்கட்டை ஒன்றை வைத்தோம். வெள்ளைச் சிப்பாய் ஒன்றுக்குப் பதில் தேயிலைக்கொட்டை.

தேயிலைக்கொட்டை உருண்டை. பலகையோ, உடைந்த தேயிலைப் பெட்டியின் மூடி. அதில் அக்கா கரியால் கட்டம் போட்டிருந்தாள். நாங்கள் ஆடும் இடமோ காம்பராவின் முன்திண்ணை, எங்கள் பேச்சில் இஸ்தோப்பு; அது சரிவு. கொட்டையை எந்த வரிசையில் வைத்தாலும் அது உருண்டு போய் ராணியைத் தள்ளிவிடும். பலகையில் ஓரிடத்தில் ஆணி பிடுங்கிய பள்ளம் ஒன்று இருந்தது, இடது பக்கக் குதிரைக்கு நேர் முன்னால், நான்காவது கட்டத்தில். கொட்டை அதில் மட்டும் அசையாமல் உட்காரும். அதனால் அக்கா கொட்டையை அந்தக் குதிரைக்கு முன்னால் வைத்துக்கொள்வாள். ஆட்டம் தொடங்கியதும் முதல் வேலையாக இரண்டு கட்டம் தள்ளி அந்தப் பள்ளத்தில் உட்கார வைத்துவிடுவாள். இவ்வளவுதான். நீங்கள் கைதட்டிய அந்தப் பெரிய கண்டுபிடிப்பு இப்படித்தான் பிறந்தது.

ஆட்டத்தின் விதிகளை நாங்கள் கற்றுக்கொண்டது கடையில் பருப்பும் கருவாடும் சுற்றித் தந்த பேப்பரில். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் சிறுவர் பகுதியில் வாரா வாரம் சதுரங்கம் சொல்லித் தந்திருக்கிறார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்தது சில வாரங்கள் மட்டும். குதிரை எப்படிப் போகும் என்பது மிளகாயோடு வந்தது. மந்திரி குறுக்கே போகும் என்பது கருவாட்டோடு வந்து மூன்று நாள் நாறியது. எப்படித் தொடங்க வேண்டும் என்று சொன்ன வாரம் கடைசிவரை எங்கள் பக்கம் வரவில்லை. அதனால் நடுவில் உள்ள சிப்பாயைத்தான் முதலில் நகர்த்த வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆனால் அக்கா சும்மா கொட்டையை உருட்டிக்கொண்டிருக்கவில்லை. கொட்டை விட்டுப் போன இடத்தில் மந்திரியைக் கொண்டுவந்து வைப்பாள். அங்கிருந்து பார்த்தால் பலகையின் அந்தக் கோடி வரைக்கும் குறுக்கே வழி தெரியும். "எல்லாரும் நடுவுலதானே அடிச்சிக்குவாங்க பாப்பா. நம்ம ஆளு ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருக்கட்டும்" என்பாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று முடியப் போகிறது. எனக்குப் பத்து.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க பதுளைக்குப் போக வேண்டும், தங்க இடம் வேண்டும். அக்கா ஐந்தாம் வகுப்பிலேயே மூன்றாவது வருஷமாக உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் அவளைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லிவிட்டு வெயிலில் போய் நிற்பார். ஐப்பசி மழை தொடங்கியபோது, போதும் என்று அப்பா முடிவு செய்தார். அக்காவின் பெயரைச் செக்ரோலில் பதிந்துவிட வேண்டும். செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலைக்கு நிற்பவர்களின் பெயர்ப் புத்தகம். அதில் ஒரு பிள்ளையின் பெயர் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அது பிள்ளை இல்லை. அக்காவின் பிறப்புப் பத்திரத்தை அக்கா கையிலேயே கொடுத்து, கிளாக்கரய்யா வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார் அப்பா. நானும் பின்னால் போனேன்.

கிளாக்கரய்யா யாழ்ப்பாணத்து ஆள். குடும்பம் ஊரில், இவர் மட்டும் குவாட்டர்ஸில். நாங்கள் போனபோது வராந்தாவில் பலகையை வைத்து, மடியில் ஒரு புத்தகத்தோடு, இரண்டு பக்கமும் தானே ஆடிக்கொண்டிருந்தார். உடையாத, கடிபடாத காய்கள். அக்கா பத்திரத்தை நீட்ட மறந்துவிட்டுப் பலகையையே பார்த்தாள்.

"என்ன பார்க்கிறாய்? உனக்கு இது தெரியுமோ?"

"கொஞ்சம் தெரியுங்கய்யா."

அவர் சிரித்தார். பத்திரத்தை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வெள்ளைக் காய்களை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அக்கா குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள்.

"என்ன பிள்ளை இது? ஒருத்தரும் இப்பிடித் தொடங்கிறேல்லை. நடுவையெல்லோ பிடிக்கோணும்?"

"எங்களுக்கு இப்புடித்தாங்கய்யா வரும்."

அன்றைக்கு அரை மணித்தியாலத்தில் அக்கா தோற்றாள். ஆனால் நாங்கள் கிளம்பும்போது அவர் சிரிக்கவில்லை. "வாற ஞாயிறும் வா" என்றார். பிறப்புப் பத்திரம் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. அது அதற்குள் இருக்கும்வரை அக்காவின் பெயர் செக்ரோலில் ஏறாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் வழியிலேயே விளங்கிவிட்டது. அன்று மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தோம். அவ்வளவு சந்தோஷமாக அக்காவை நான் பிறகு பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பின்னேரம் ஆட்டம். அவர் வராந்தாவில் கதிரையில் இருப்பார். பலகை வராந்தா விளிம்பில் ஒரு முக்காலியின் மேல். அக்கா கீழே முற்றத்தில் நின்றுகொண்டு ஆடுவாள். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் அவள் முதுகில் விழும். ஏறி வந்து உட்காரு என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அப்படிச் சொல்லலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது. எங்களுக்கும் தோன்றவில்லை.

அவருடைய ஆட்டம் அவரைப் போலவே இருக்கும். ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாய் இரண்டு கட்டம். பக்கத்துச் சிப்பாய் ஒரு கட்டம். குதிரை, மந்திரி, எல்லாம் ஒன்றுக்கொன்று துணையாக. அக்கா என்ன வைத்தாலும் அவர் அந்தச் சுவரைத்தான் கட்டுவார். கட்டி முடித்ததும் ஒரு காரியம் செய்வார், அதைப் பார்த்து முதல் நாள் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ராஜாவையும் யானையையும் ஒரே நேரத்தில் தூக்கி, ராஜாவை மூலைப் பக்கம் ஒளித்துவைத்து யானையைக் காவலுக்கு நிறுத்தினார். ஒரே முறையில் இரண்டு காய். கள்ள ஆட்டம் என்று நினைத்தேன். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

வழியில் கேட்டேன். "அது அய்யாமாருக்கு உள்ளது போல. நமக்கு கெடையாது" என்றாள்.

எங்களுக்கு அதில் ஆச்சரியமே வரவில்லை. கிளாக்கர்மார் இருக்கும் ஸ்டாப் வீடுகளுக்கு வேறு வழி, ஆபீசில் வேறு வாசல், கடையில் வேறு வரிசை. செஸ்ஸில் மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கும்? அதனால் அக்கா தன் ராஜாவை ஒளித்துவைக்க ஒரு நாளும் பார்க்கவில்லை. நட்டநடுவில் அவன் நிற்க நிற்க, ஓரத்திலிருந்தே எதிராளியின் சுவரை அசைக்கப் பழகிக்கொண்டாள். ஐந்தாவது ஞாயிறு ஆட்டம் சமனில் முடிந்தது. எட்டாவது ஞாயிறு இருட்டிவிட்டது, காய்கள் தெரியவில்லை. அவர் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு எழும்பினார்.

"இது உன்ரை ஆட்டம்தான் பிள்ளை" என்றார். பிறகு சொன்னார்: "என்ரை தமக்கை பதுளையில படிப்பிக்கிறா. வாற ஞாயிறு இஞ்சை வாறா. உன்ரை ஆட்டத்தை அவவுக்குக் காட்டோணும். அவ நினைச்சா தையில உனக்கு இடம் எடுக்கலாம், அவ வீட்டிலயே தங்கலாம். கொப்பரோட நான் பிறகு கதைக்கிறன்."

லயத்துக்குக் கீழே தண்ணீர் விழும் பீலியில் கால் கழுவும்போது அக்கா "யாருகிட்டயும் சொல்லாத பாப்பா" என்றாள்.

இனி நான் எழுதப் போவதை எழுதத்தான் எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

அக்காவும் நானும் ஒரே கம்பளிக்குள் தூங்கியவர்கள். அவள் போய்விட்டால் நான் மட்டும். அம்மாவுக்குத் தண்ணீர் தூக்குவது, விறகு பொறுக்குவது எல்லாம் எனக்கு. அது ஒன்று. இன்னொன்று பொறாமை. கிளாக்கரய்யா ஒன்பது வாரமாக என்னைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சனிக்கிழமை அப்பா வேலை முடிந்து வந்து இஸ்தோப்பில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, நாளைக்கு அக்கா கிளாக்கரய்யாவ தோக்கடிக்கப் போவுது. அவுங்க அக்கா முன்னுக்கே."

பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, பாருங்கள். பத்து வயதில் அந்தச் சாமர்த்தியம் எனக்கு இருந்தது.

அப்பாவின் கை நின்றுவிட்டது. அதற்கு முந்திய வருஷம்தான் தோட்டத்து வொலிபோல் ஆட்டத்தில் என் சித்தப்பா ஸ்டாப் டீமை அடித்துத் தோற்கடித்திருந்தார். எல்லோரும் தோளில் தூக்கினார்கள். மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, அவருக்கு மலையுச்சிக் கவ்வாத்து. அடுத்த நாளும் அதுதான். அந்த வருஷம் முழுக்க அதுதான். யாரும் அதற்குக் காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

அப்பா அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

"தாயி, நான் சொல்றத கேட்டுக்க. நாளைக்கு அந்தம்மா முன்னுக்கு ஜெயிச்சு கிஜிச்சு வச்சிறாத. மரியாதையா ஆடு."

"இல்லப்பா, அந்த டீச்சரம்மா என்னைய பதுளைக்கு கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னு அய்யா சொன்னாரு. ஆட்டத்த பாத்துட்டுத்தான்."

"அதுக்குத்தான் சொல்றேன். தம்பிய தோக்கடிச்சவள எந்த அக்காக்காரி வீட்டுல வச்சு சோறு போடுவா? பணிஞ்சு போனாத்தான் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அய்யா மனசு கோணிச்சின்னா ஒங்கம்மாவ திரும்ப மலைக்கு போட்டுருவாரு. இந்த மழையில அவ தாங்குவாளா?"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதும் இருமுவதுமாக இருந்தாள். அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "சரிப்பா" என்றாள்.

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அக்காவைத் தடுக்க நினைக்கவில்லை, அவளுக்கு வழி பண்ண நினைத்தார். பிறந்ததிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் குனிந்தவனுக்குக் கிடைத்ததும் நிமிர்ந்தவனுக்குப் போனதும்தான். பணிந்து தோற்றால் பிள்ளைக்கு நல்லது நடக்கும் என்று மனதார நம்பினார்.

ஞாயிறு டீச்சரம்மா வந்திருந்தார். நம்முடைய டீச்சர்தான், நீங்கள் எல்லோரும் அவரிடம் அடி வாங்கியவர்கள். மூக்குக் கண்ணாடி, நீலக் கரைச் சேலை. வராந்தாவில் இரண்டு கதிரை போட்டிருந்தது. கிளாக்கரய்யா அன்றைக்குச் சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தமக்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாருங்கோ அக்கா, முதல் காயிலேயே உங்களுக்குச் சிரிப்பு வரும். பிறகு வராது."

அக்கா ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள். புத்தகத்தில் இருப்பது போல. எல்லோரும் வைப்பது போல.

கிளாக்கரய்யா நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "அதுதானோ பிள்ளை?"

"அதுதாங்கய்யா."

அவர் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் சுவரைக் கட்டத் தொடங்கினார். அக்காவும் அவரைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரிச் சுவர் ஒன்றைக் கட்டினாள். டீச்சரம்மா கொட்டாவி விட்டார். அக்கா தோற்பதற்காக ஆடுகிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். தோற்பதுகூட அவளுக்குச் சுலபமாக வரவில்லை. ஒரு கட்டத்தில் அவளுடைய குதிரை அவருடைய ராஜாவையும் ராணியையும் ஒரே தாவலில் பிடிக்கும்படி வந்து நின்றது. அவள் கை தானாகக் குதிரையின் தலைக்குப் போனது. தொட்டது. பிறகு கையை எடுத்து, ஓரத்தில் ஒன்றுக்கும் உதவாத சிப்பாய் ஒன்றை நகர்த்தினாள்.

"அக்கா, குதிரை" என்று நான் கத்திவிட்டேன்.

ஏன் கத்தினேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். நான் செய்ததை நானே தாங்க முடியாமல்தான் என்று சொல்லிக்கொள்வேன். டீச்சரம்மாவின் கண்ணாடி என் பக்கம் திரும்பியது.

"நீ என்ன சொன்னனி? இஞ்சை வந்து காட்டு."

அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்று குதிரையை எடுத்து வைத்துக் காட்டினேன். ராஜாவுக்குச் செக், ராணிக்கு வெட்டு. டீச்சரம்மா என் வயதைக் கேட்டார். பிறகு தம்பியிடம் திரும்பினார்.

"நீ பெரியவளை எல்லோ சொன்னனி? மூளை இந்தச் சின்னனுக்குத்தான் இருக்கு."

கிளாக்கரய்யா பலகையைப் பார்த்துக்கொண்டே "ம். மற்றவள் ஏதோ பழக்கத்தில ஆடியிருக்கிறாள் போல" என்றார். அக்கா முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் "போயிட்டு வாறோங்கய்யா" என்றாள்.

வழியில் ஒரு கேள்விதான் கேட்டாள். "குதிரைய நீ எப்ப பாத்த?"

"நீ கைய வச்சப்பத்தான்" என்றேன்.

பிறப்புப் பத்திரம் அடுத்த நாளே புத்தகத்திலிருந்து வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை அக்கா பெரட்டுக்குப் போனாள். கொழுந்து எடுக்கும்போது நனையாமல் இருக்க அம்மா கட்டிய பழைய படங்கை அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினார்கள், இரண்டாக மடித்தும் அது தரையில் இழுபட்டது. அந்த வாரமே கிளாக்கரய்யா எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் லயத்துக்கு வந்தது அது ஒரே முறை. என்னைப் பதுளைக்கு அனுப்பக் கேட்டு வந்தார்.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் போனதும் அக்காவிடம் கேட்டார்: "சின்னவளுக்கு அம்புட்டு தெரியுமா?"

"என்னைய விட நல்லா ஆடும்ப்பா" என்றாள் அக்கா.

"பாத்தியா, பணிஞ்சு போனதுக்கு ஒருத்திக்காவது கெடச்சிச்சு" என்றார் அப்பா. சாகும்வரை அவர் அப்படியே நம்பினார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். தெரியாத இரண்டு சேதிகளை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது. நம் பள்ளிக்கூடத்தில் செஸ் பழகிய முதல் வாரமே, ராஜாவை ஒளித்துவைக்கும் அந்த ஆட்டத்துக்குக் கோட்டை கட்டுவது என்று பெயர் என்றும், அது யாருக்கும் உரியது என்றும் தெரிந்துகொண்டேன். சித்திரை விடுமுறையில் வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் சொன்னேன். அவள் கூடைக் கயிறு அறுத்த நெற்றியில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது நமக்கும் உண்டா?" என்றாள். விறகு நனைந்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் காய்களைத் தொடவில்லை. அந்தப் பலகை எந்த மழைக்கு விறகாகப் போனது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது. நீங்கள் எல்லோரும் பார்க்க அந்தச் சிப்பாயை முதலில் தள்ளித் தள்ளித்தான் நான் கோப்பை வாங்கினேன். எதிரே இருந்தவர்கள் எல்லோரும் கிளாக்கரய்யாவின் சுவரைத்தான் கட்டினார்கள். அதை எங்கே தட்டினால் அசையும் என்று ஒன்பது ஞாயிறு பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். சொந்தமாக ஒன்றும் செய்யவில்லை. நான் ஆசிரியர் வேலைக்கு வந்த பிறகு கிளாக்கரய்யா ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் முன் ஒருமுறை டீச்சரம்மா வீட்டில் அவரைக் கண்டேன். கிழவராகியிருந்தார்.

"உன்ரை கொக்கா அண்டைக்கு ஏன் அப்பிடி ஆடினவள்?" என்று கேட்டார். அத்தனை வருஷம் கழித்தும் அது அவருக்குள் இருந்தது. "எனக்கு எதிரா அவளைப் போல ஒருத்தரும் ஆடினதில்லை. அவள் என்னை வெல்லோணும் எண்டுதானே நான் அக்காவைக் கூப்பிட்டனான்."

அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "பயந்துட்டா போலங்கய்யா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அக்காவைப் பற்றி அந்த நினைப்போடுதான் அவர் போனார்.

நீங்கள் மலருக்கு எழுதச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. போன மாதம் பஸ் ஏறி அக்காவிடம் போனேன். அதே தோட்டம், அடுத்த லயம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்ந்து, இப்போது வாசலில் கொஞ்சம் கீரை போட்டிருக்கிறாள். நான் போனபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

"அக்கா, அன்னைக்கு அப்பாகிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? உன்னைய விட்டா வேற யாருக்குத் தெரியும்?"

அவள் கீரையைத் திருப்பிப் போட்டு, பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தாள்.

"அப்புறம் ஏங்க்கா ஒரு வார்த்த கேக்கல? அப்பா கேட்டப்ப, நான் நல்லா ஆடுவேன்னு வேற சொன்ன."

"கோவமா இருந்திச்சு. ரொம்ப நாள் இருந்திச்சு" என்றாள். "கேட்டிருந்தா நீ அழுதிருப்ப, எல்லாத்தையும் கொட்டியிருப்ப. அப்பா ஒன்னையும் நிப்பாட்டியிருப்பாரு. ரெண்டு பேரும் மலையில நின்னு என்னா பண்றது?"

பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என்னை எழுப்பிவிட்டாள். பாதை வரைக்கும் கூட வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்கும்போதுதான் தெரிந்தது, அதை நான் கேட்கவே இல்லை.